பத்தொன்பதாம் நிலை

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பத்தொன்பது என்று இருந்தது. ஒன்றை அழுத்தும்போது கூடவே ஒரு ஒன்பதும் தவறி விழுந்திருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். பத்தொன்பது அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மூன்றே கால் மணி. கணவன் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போயிருந்தான். திரும்ப ஐந்தரை ஆகும். காலையிலிருந்து விடாத மழைக்குச் சாத்தி வைத்த ஜன்னல்களுக்குள்ளே, கொடியில் காயாமல் தொங்கும் துணிகளின் புளித்த ஈர வாடையும் குளிர்சாதனப் பெட்டியின் விட்டு விட்டு எழும் உறுமலும் மூன்றாம் மாடி வீடு முழுக்கத் தேங்கியிருந்தன. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஆறிப்போன தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாராவாரம் செய்வதுபோல மன்றத்தின் பட்டியலை அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் ஐந்து நாள் அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒப்பந்த விதிகளை எழுதுகிறவள். மீதி இரண்டு நாளும் அதையே விளையாட்டாகச் செய்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவளும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய மன்றம் அது. படம் கிடையாது, ஒலி கிடையாது, எழுத்து மட்டும். ஆளுக்கொரு ஜந்துவை எழுதி உருவாக்கி, எழுத்திலேயே சண்டை போட வேண்டும். எண்பது பேர் ஆடினார்கள். விதிகள் முழுவதையும் எழுதியவள் என்பதால் அவளுக்கு விதியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். தோற்றுப்போகிறவர்கள் எல்லாம், "எங்க விதிய எழுதினதே நீங்கதானே" என்று வம்பிழுப்பார்கள்.

விதிகள் சுலபமானவை. ஒரு சண்டையில் ஜெயித்தால் ஒரு நிலை ஏறலாம். ஏறும்போது ஜந்துவுக்கு ஒரு புதுத் திறன் கிடைக்கும். அடிப்பவர் அடியை மட்டும்தான் எழுதலாம். காயத்தை அடிபட்டவரேதான் எழுத வேண்டும். அடுத்தவர் ஜந்துவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பதில் எழுத இருபது நிமிடம். அதற்குள் எழுதாவிட்டால், காயத்தையும் அடித்தவரே எழுதிக்கொள்ளலாம். உச்சம் இருபதாவது நிலை. ஆறு வருடத்தில் யாரும் பதினொன்றைத் தாண்டியதில்லை.

இவர் வியாழக்கிழமைதான் சேர்ந்திருந்தார். பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை, மன்றம் தானாகக் கொடுத்த 'புதியவர்' என்பதே இருந்தது. ஜந்துவைப் பற்றி ஒரே ஒரு வரி: 'இதற்கு இன்னும் ஒன்றும் இல்லை.'

அவள் அதன் திறன் பட்டியலைத் திறந்தாள். மற்றவர்கள் நெருப்பு கேட்பார்கள், விஷம் கேட்பார்கள், இறக்கை கேட்பார்கள். இது கேட்டிருந்தவை வேறு. நிற்கும். நடக்கும். காது கேட்கும். மோப்பம் பிடிக்கும். படியேறும். விரல்கள் உண்டு. பதினெட்டாவது: குரல் உண்டு. கடைசியாக, இன்று மத்தியானம்: கண் தெரியும்.

யாரோ கிண்டல் செய்கிறார்கள். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சண்டைகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள். முதல் சண்டையில் அடி சின்னது, 'காலைப் பிடித்து இழுத்தது' என்று ஒரு வரி. எதிராளி, ஆறு வருடமாக ஆடும் பல் வைத்தியர், வழக்கம்போல விஸ்தாரமாகத் தன் பல்லியின் கால் எலும்பு முறிந்ததை எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டுக்கு வெளியே ஒரு வரி போட்டிருந்தார்: 'நிஜமாகவே கால் வழுக்கி விழுந்துவிட்டேன், என்ன பொருத்தம் பாருங்கள்.' பிறகு அவர் மன்றத்துக்கு வரவில்லை. மூன்றாவது சண்டையில் தோற்றவர் ஒரு வரிகூடப் போடவில்லை. அவர் தன் ஓநாயின் காதைப் பற்றி எழுதியிருந்தார். பதினெட்டாவதில் தோற்ற பாட்டு டீச்சர் தன் மைனாவின் தொண்டையைப் பற்றி எழுதியிருந்தாள்.

பத்தொன்பதுக்கு ஏற்றிவிட்ட கடைசிச் சண்டை ஓர் ஆந்தையோடு. ஆந்தை அவள் தம்பியுடையது.

அவள் கை தொலைபேசியைத் தேடியது. வேறு ஊரில் தனியாக இருப்பவன். ஆறு முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

"அக்கா."

"என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அக்கா, நான் ஆந்தையோட கண்ணத்தானே எழுதினேன்?" நிதானமாகப் பேச முயன்றான். "ரெண்டு கண்ணும் போச்சுன்னு ஜாலியாத்தானே எழுதினேன்? எழுந்து முகம் கழுவப் போனேன். அப்போலேருந்து ஒண்ணும் தெரியல. லைட்டு எரியுதா இல்லையான்னுகூடத் தெரியல."

"டேய்..."

"பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றார், ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ கேளு. அது விதியை மீறாதுக்கா. ஒரு தடவைகூட மீறல. நாமளா எழுதினாத்தான் அதால செய்ய முடியும். நீ எதையும் எழுதாத. சண்டைக்குக் கூப்பிட்டா போகாத."

மேஜைமேல் மடிக்கணினி 'டிங்' என்றது.

பத்தொன்பதாம் நிலையை எட்டியவர் இருபதுக்காக விதியம்மாவையே சவாலுக்கு அழைக்கலாம். அவள் மறுக்க முடியாது. யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே அவள் சேர்த்த விதி. சண்டை நடக்கும்போது எந்த விதியையும் மாற்றக் கூடாது என்பதும் அவள் எழுதியதுதான்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா. நீ முதல்ல டாக்டரப் பாரு."

சவால் தொடங்கிவிட்டது. கீழே முதல் அடி.

'அது கட்டடத்தின் வாசலில் நிற்கிறது. நத்தையின் கொம்பு நுனியைக் கிள்ளியது.'

அவளுடைய ஜந்து ஒரு நத்தை. மூன்றாம் நிலை. எண்பது பேருக்கு நடுவராக இருப்பவளுக்குச் சண்டை எதற்கு என்று ஒப்புக்கு வைத்திருந்தது. அதற்கு ஊரத் தெரியும், ஒட்டத் தெரியும், ஓட்டுக்குள் போகத் தெரியும், அவ்வளவுதான்.

புதியவரை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். 'சண்டை முடியும்வரை இயலாது' என்று வந்தது. மடிக்கணினியை மூடினாள். மூடியதும் இருபது நிமிடம் என்ற நினைப்பு வந்தது. எழுதாவிட்டால் காயத்தை அதுவே எழுதும். அது எதை எழுதும்? மூடியைத் திறந்தாள். கணவனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே போனது. குளத்தருகே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான்.

பதினெட்டாவது நிமிடத்தில் எழுதினாள். எவ்வளவு சின்னதாக எழுத முடியுமோ அவ்வளவு சின்னதாக. 'கொம்பு நுனி லேசாகச் சிவந்தது. நத்தை பின்வாங்கியது.'

எழுதிய கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் நுனி சிவந்திருந்தது. யாரோ இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கியது போல.

கீழே, வெகு கீழே, கட்டடத்தின் பெரிய இரும்புக் கதவு கிரீச்சிட்டுத் திறந்து, மழையின் இரைச்சல் ஒரு கணம் படிக்கட்டுக் கூண்டுக்குள் பொங்கி ஏறி, கதவு சாத்திக்கொண்டதும் அமுங்கியது. பிறகு படியில் ஒரு காலடி. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. ஏறப் பழகிக்கொள்கிற காலடி.

அது தன் இருபது நிமிடத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டது.

'முதல் மாடி தாண்டியாயிற்று. நத்தையின் வாலை மிதித்தது.'

'வால் கன்றியது,' என்று எழுதினாள். எழுதும்போதே வலது குதிகாலில் வலி சுருக்கென்று ஏறியது. செருப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது? இறங்கப் படிக்கட்டு ஒன்றுதான். அதில் அது வந்துகொண்டிருந்தது.

கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். சங்கிலியை மாட்டினாள். அதற்கு விரல்கள் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்த்தாள்.

இரண்டாம் மாடி. காலடிகள் இப்போது சீராக வந்தன. வீட்டுக்குத் திரும்புகிற யாருடைய காலடியும் போல.

மூன்றாம் மாடி.

நின்றது.

கதவுக்கு அடியில் ஈர மண்ணின் வாடை. மூச்சை இழுக்கும் சத்தம். நீளமாக. கதவின் கீழ்ச் சட்டத்திலிருந்து பூட்டுத் துவாரம் வரை மோந்துகொண்டே ஏறியது. துவாரத்தில் தெரிந்த வெளிச்சப் புள்ளி அணைந்தது.

டிங்.

'கதவின் முன் நிற்கிறது. நத்தையின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தது.'

தலை. இதைச் சின்னதாக எழுத முடியாது. அடிக்குத் தக்க காயம் வேண்டும், அதுவும் விதி. அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் சில்லிட்டது. ஈரம். விரல்கள். இன்னும் அழுத்தவில்லை. அவள் எழுதட்டும் என்று காத்திருந்தன.

ஓடு. திறனைக் கொண்டு அடியிலிருந்து தப்பலாம், அதுவும் விதிதான்.

தட்டினாள். இரண்டு முறை பிழையாக விழுந்தது. அழித்துத் தட்டினாள். 'பிடி இறுகுமுன் நத்தை வழுக்கி ஓட்டுக்குள் போய் வாயை மூடிக்கொண்டது. உள்ளிருந்து திறந்தாலொழிய அதைத் திறக்க முடியாது.'

அனுப்பினாள்.

கழுத்தில் இருந்த குளிர் விலகியது. மழைச் சத்தம் ஒரேயடியாகத் தூரம் போயிற்று. நிமிர்ந்து பார்த்தாள். கதவு இல்லை. நாற்காலி எதிலோ சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் கதவு இருந்த இடத்தில் வழவழவென்று சுவர் வளைந்து ஓடியது. ஜன்னல்களும் இல்லை. சுவர் முழுவதும் வெளிறிய பழுப்பு நிறம், மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிசு. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

தரையில் சரிந்து உட்கார்ந்தாள். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தாள். கண்ணீர் தானாக வழிந்தது. தம்பியின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இப்படியே இருந்தால் போதும். அது சலித்துப் போய்விடும்.

அப்போதுதான் சுவருக்கு அப்பால் பேச்சு கேட்டது.

"அப்பா, நம்ம கதவு எங்க?"

மகள். மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்தது.

"மழைக்கு கிளாஸ் கேன்சல் ஆனாலும் ஆச்சு, உங்கப்பனுக்கு மூளையும் கேன்சல் ஆயிடுச்சு போல." கணவன் சிரித்தான். "மாடி மாத்தி ஏறிட்டோமா, கண்ணு?"

"இல்லப்பா, நான் எண்ணிட்டேதான் வந்தேன். மூணு."

"போங்க!" அவள் சுவரில் அறைந்தாள். "கீழ போங்க! அவள தூக்கிட்டு ஓடுங்க!" கத்தினாள். ஓட்டுக்குள் அவள் குரல் சுற்றிச் சுற்றி அவள் காதுக்கே வந்தது. வெளியே போகவில்லை. வெளியே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேஜைக்குப் பாய்ந்தாள். நத்தை வெளியே வந்தது என்று எழுத வேண்டும். உடனே எழுத வேண்டும். எழுதும் பெட்டி சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தது. இது அவள் முறை இல்லை.

'புதியவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.' மூன்று புள்ளிகள்.

'நத்தை அகப்படவில்லை. மேல்படி இருட்டில் ஒதுங்கி நிற்கிறது. வெளியே இரண்டு பேர் நிற்கிறார்கள். இதற்கு இன்னும் முகம் இல்லை.'

விதிகள். விதிகள். அவள் மனதுக்குள் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தாள். ஜந்து இல்லாதவர்களைப் பற்றி ஆறு வருடத்தில் அவள் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அவர்களை அடிக்கக் கூடாது என்றும் இல்லை. அவர்கள் காயத்தை யார் எழுதுவது என்றும் இல்லை.

மூன்று புள்ளிகள். மூன்று புள்ளிகள்.

வெளியே கணவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். பாதியில் நின்றது.

"அப்பா?" மகளின் குரல். சின்னதாக. "அப்பா... உங்க முகம் எங்க?"

சுவரில் நிழல்கள் தெரிந்தன. ஒன்று உயரமாக, இரண்டு கைகளாலும் தலையைத் தடவித் தடவித் தேடிக்கொண்டு நின்றது. சின்ன நிழல் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, ஓட்டில் முதுகை முட்டித் திரும்பியது. ஒரு சின்ன உள்ளங்கை வெளியிலிருந்து ஓட்டின்மேல் அழுந்தியது. அவள் தன் கையை உள்ளேயிருந்து அதன்மேல் வைத்தாள். சூடு தெரிந்தது.

மூன்றாவது நிழல் அவசரப்படவில்லை. குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிகிற ஆள்போல மெதுவாக மண்டியிட்டது. கைகளை விரித்தது. அதன் முகம், வெளிச்சத்துக்கு எதிராக, பக்கவாட்டில், மூக்கும் மோவாயும் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"கண்ணு, இங்க வா," என்றது. பாட்டு டீச்சரின் குரல் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு முறை சொன்னபோது அது அவள் கணவனின் குரலாக இருந்தது. "பயப்படாத. அப்பா இங்க இருக்கேன் பாரு."

சின்ன உள்ளங்கை ஓட்டை விட்டு எடுபட்டது.