மூன்று சுற்று

ஒரு வாரமாக அந்த விசிறி சரியில்லை. நாற்பது ஹெர்ட்ஸில் வைத்துவிட்டுப் போனால், காலையில் வரும்போது முப்பத்தேழில் முனகிக்கொண்டிருந்தது. யாரும் தொட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு முதலில் வாட்ச்மேன் மேல்தான் சந்தேகம். எந்தப் பொத்தானைக் கண்டாலும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிற ஆள் அவர். அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டுக்கே கொண்டுபோனார். மறுநாளும் முப்பத்தேழு. சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதில் எலக்ட்ரீஷியனுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

எட்டு மாடி அலுவலகக் கட்டடம் அது. மொத்தக் கட்டடத்தின் பழைய காற்றையும் உறிஞ்சி மொட்டை மாடிக்குத் தள்ளுகிற பெரிய விசிறி, தரைக்கடியில் ஒரு தகரக் குழாய்க்குள் இருந்தது. ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிய குழாய். விசிறியின் மோட்டாரை ஆட்டிவைப்பது அடுத்த அறைச் சுவரில் இருந்த ட்ரைவ். நொடிக்கு ஐம்பது அலையாக, அதாவது ஐம்பது ஹெர்ட்ஸில், வருகிற கரண்டை அது முதலில் அலையே இல்லாத நேர் கரண்டாக்கும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, நாம் கேட்கிற எண்ணிக்கையில் புது அலையாகச் செய்து மோட்டாருக்கு ஊட்டும். இருபத்தைந்து அலை கொடுத்தால் மோட்டார் பாதி வேகத்தில் சுற்றும். சுமை தாங்க முடியாமல் போனால், மோட்டார் கருகிவிடக் கூடாதே என்று தானாகவே அலையைக் குறைத்துக்கொள்ளும்.

அதுதான் அவரை உறுத்தியது. விசிறியின் மேல் ஏதோ பாரம் கூடியிருக்கிறது. தூசி படிந்திருக்கும் என்றார்கள். மூன்று ஹெர்ட்ஸ் அளவுக்கா தூசி?

ஞாயிற்றுக்கிழமை கட்டடம் காலியாக இருக்கும் என்பதால் அன்று திறந்து பார்ப்பதாக முடிவானது. குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே போனது அவருடைய மச்சினன். ஃபிட்டர். ஒல்லியாக இருப்பதால் எல்லோருக்கும் குச்சி. மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். "என் தம்பியை முழுசா திருப்பிக் கூட்டிட்டு வாங்க, மதியம் சாப்பாட்டுக்கு," என்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரித்தாளே தவிர, அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே போகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைத் தானே போட வேண்டும். வெளியே வந்து தானே திறக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. குச்சியின் மஞ்சள் பூட்டு தொங்கியது; அதன் சாவி கறுப்புக் கயிற்றில் அவன் கழுத்தில் இருந்தது. விசிறி இருக்கும் இடத்தில் ஃபோன் எடுக்காது. குழாயின் உட்புறம் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருப்பதால் கத்தினாலும் தட்டினாலும் வெளியே கேட்காது. அதனால் இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரு வழி வைத்திருந்தார்கள். மெயின் அணைந்தாலும் ட்ரைவின் சின்னத் திரைக்குத் தனியாக ஒரு கரண்ட் உண்டு. மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். கால் மணிக்கு ஒரு தடவை குச்சி விசிறியைக் கையால் மூன்று சுற்றுச் சுற்றுவான், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி. திரையில் 0.6 வந்து போகும், மூன்று தரம். உள்ளேதான் இருக்கிறேன், போட்டுவிடாதே என்று அர்த்தம்.

பத்து மணிக்குப் போனவன் பத்தேகாலுக்குச் சுற்றினான். பத்தரைக்குச் சுற்றினான். எலக்ட்ரீஷியன் ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே ஜன்னல் கம்பி வழியாக வெயில் ஒரு பட்டையாக விழுந்து தரையில் கிடந்தது. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும் சத்தம், காய்ந்த கிரீஸ் வாசனை, அதற்கும் அடியில், நாள்பட்ட ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி இன்னொரு வாசனை. அந்த வாசனை நேற்று இல்லை. எலி ஏதாவது செத்திருக்கும் என்று நினைத்தார். உடனே அந்த எலியின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

பத்தே முக்காலுக்குத் திரை அசையவில்லை.

எழுந்தார். அதற்குள் நடைபாதைப் பக்கத்துக் கதவில் குச்சி நின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சுது மாமா. போட்டுப் பாக்கலாம்."

"நீ எப்படா வந்தே? சத்தமே கேக்கலையே?"

"மேல மாடிக் கதவு வழியா ஏறி வந்துட்டேன். கீழ மூடியையும் மாட்டிட்டேன்."

"என்ன இருந்துச்சு உள்ள?"

"ஒண்ணுமில்ல. தூசிதான்."

குழாய்க்குள் போய்விட்டு வந்தால் குச்சி கரி மூட்டை தூக்கினவன் மாதிரி வருவான், பத்து நிமிஷம் இருமுவான், இருமலுக்கு நடுவிலேயே டீ கேட்பான். இவன் சட்டை துவைத்துப் போட்டது போல இருந்தது. டீயை நீட்டினார். வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டான்.

திரை மினுங்கியது. 0.6. பூஜ்யம். 0.6. பூஜ்யம். 0.6.

எலக்ட்ரீஷியன் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காத்து மாமா. மொட்ட மாடியில நல்ல காத்து. கீழ வரைக்கும் இறங்கி விசிறியத் தள்ளுது."

நடக்கக்கூடியதுதான். ஆனால் காற்று எங்கே எண்ணிக்கை வைத்துக்கொண்டு தள்ளும்? அவர் அடுத்த அறைக்குப் போய்க் குழாயின் மூடியைப் பார்த்தார். பதினாறு போல்ட்டும் இறுக்கமாக முறுக்கியிருந்தன. ஸ்பேனரால் தகரத்தைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. ஒருத்தன் உள்ளே இருந்தால் வெளியிலிருந்து போல்ட் முறுக்கியது யார்? மனது கொஞ்சம் அடங்கியது. திரும்பி வந்தபோது திரையில் மறுபடி 0.6, மூன்று தரம்.

"பூட்டத் திற," என்றார்.

"சாவி உள்ள விழுந்துடுச்சு மாமா. வெட்டிடுங்க."

அவன் கழுத்தில் கயிறு இல்லை.

"தேடி எடுத்துட்டு வா. உன் பூட்ட நான் தொட மாட்டேன்."

"பதினாறு போல்ட்ட மறுபடி கழட்டணுமா? என்னையே சந்தேகப்படுறீங்களா?"

மேஜைமேல் இருந்த டெலிஃபோன் அடித்தது. மனைவி. கிளம்பியாச்சா, சாப்பாடு ஆறிப்போகிறது என்றாள். அவர் ரிசீவரைக் குச்சியிடம் நீட்டினார், அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அக்கா... ஆமாக்கா, முடிஞ்சுது. மாமாதான் போட மாட்டேங்கறாரு. என் மேலயே சந்தேகமாம்."

மறுமுனையில் அவள் விழுந்து விழுந்து சிரிப்பது அவருக்கே கேட்டது. ரிசீவர் திரும்பி வந்தது. "உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம். அவன் வெளிய வந்துட்டான்ல, போட்டுட்டு வாங்களேன்," என்றாள்.

அக்காவுக்கே தெரியாதா தன் தம்பியின் குரல்? அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருஷமாக வீட்டில் இதே பேச்சு. ரிசீவரை வைத்தார். அவன் பிடித்திருந்த இடம் ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கட்டரை எடுத்தார். தன் வேலைக்காலத்தில் இன்னொருவன் பூட்டை அவர் வெட்டியதில்லை. மஞ்சள் பூட்டு பட்டென்று விட்டது. மெயினைப் போட்டார். பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

ட்ரைவ் எதையும் அவசரமாகச் செய்யாது. மோட்டாருக்கு அதிர்ச்சி வரக் கூடாதென்று ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றும். 1. 2. 3. மெல்லிய ரீங்காரம் எழுந்தது. 4.

4.

ஏறவில்லை. கரண்ட் மட்டும் ஏறியது. ஏதோ பிடித்து நிறுத்துகிறது. தூசி பிடிக்காது. காற்று பிடிக்காது. ட்ரைவ் இன்னும் கொஞ்சம் கொடுத்தது. ரீங்காரம் அடித்தொண்டைக்கு இறங்கியது. 3. 2. அவர் சிவப்பை அறைந்தார். அதற்கு முன்பே ட்ரைவ் தானாக நின்றுபோயிருந்தது.

நிசப்தம். தண்ணீர் சொட்டியது.

தலைக்கு மேலே, இந்த அறைக் காற்றைக் குழாய்க்கு எடுத்துப் போகிற சின்னக் கம்பி ஜன்னலில், ஏதோ உரசிக்கொண்டு வந்தது. கம்பி இடுக்கு வழியாக ஒரு கறுப்புக் கயிறு நழுவி இறங்கியது. அதன் நுனியில் ஒரு சாவி ஆடியது.

கயிற்றை இழுத்தார். வெட்டுப்பட்ட பூட்டைக் கையில் எடுத்தார். சாவி உள்ளே போனது. திரும்பியது.

"டேய்," என்றார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

திரை மினுங்கியது. 0.3. பூஜ்யம்.

வெகுநேரம் பூஜ்யம்.

0.2. பூஜ்யம்.

இன்னொன்று பாக்கி. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். உயிரோடு இருக்கிறான். ஸ்பேனர் எங்கே? பதினாறு போல்ட். அரைமணி ஆகும். ஓட வேண்டும்.

முதலில் மெயினை அணைக்கக் கை நீட்டினார். கை அங்கே போய்ச் சேரவில்லை. ஈர விரல்கள் மணிக்கட்டைச் சுற்றின. மெதுவாக. பாசமாக. கையைப் பச்சைப் பொத்தான் பக்கம் திருப்பின. பின்கழுத்தில் அந்த ஈரத்துணி வாசனை. மூச்சு மட்டும் இல்லை.

"இன்னொரு தடவ போடுங்க மாமா," என்றது குச்சியின் குரல். "அக்கா காத்திட்டிருக்கா."

0.1.

மூன்றாவது சுற்று. அது முடிவதற்குள் அவருடைய விரல், வேறொரு விரலுக்கு அடியில், பொத்தானை அழுத்தியது.

1.

2.

3.

4.

5.