மூன்று முறை கூப்பிட்ட பெயர்

பழைய கோர்ட்டுக்குள் மறுபடி கால் வைத்தபோது மத்தியானம்தான். எங்கள் வட நார்வேயில் டிசம்பரில் சூரியனே எழாது, மத்தியானமும் இருட்டுதான். கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. இதைச் சரித்திரச் சங்கம் அருங்காட்சியகம் ஆக்குகிறதாம். படித்தவர்களுக்கு வேறு வேலையில்லை.

சங்கத்துக்காரி சோல்வி ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றாள். நான் இங்கே சாட்சிகளின் பெயர் கூப்பிடும் டவாலியாக இருந்தவன். என் குரலில் ஒரு பெயரைக் கூப்பிட வேண்டும். வருகிறவர்கள் பொத்தானை அமுக்கினால் கேட்கும். அவள் கொடுத்த பெயர் ராக்னா இசாக்சென்.

மாட்டேன் என்றேன்.

ராக்னா என் காலத்துக்கு முந்தியவள். புருஷன் கடலில் செத்த வழக்கில் சாட்சி சொல்ல, தனியாகத் துடுப்புப் போட்டு வந்தாள். வழக்கு உள்ளேயே சமாதானமாகிவிட்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. கதவைப் பூட்டும்போதுதான் எழுந்து போனாள். வழியில் புயல். படகு மட்டும் கரைக்கு வந்தது.

"ஜட்ஜ் நாற்காலி காலியா இருக்கும்போது பேர் கூப்பிடக் கூடாதும்மா. கூப்பிட்டா வருவாங்க. வந்தா யார் கேக்குறது?"

"அவளை யாருமே கூப்பிடலையே ஆர்னுல்ஃப், அதுக்குத்தான். இந்த வயசுல பேய்க்குப் பயமா?"

சுருக்கென்றது. கூப்பிட்டேன், மூன்று முறை, பழைய குரலில்.

வராந்தாவில் பெஞ்சு முனகியது.

ஈரக் கம்பளி வாடை.

கனத்த காலடி, சாட்சி நிற்கும் இடம்வரை வந்து நின்றது.

சோல்விக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதிவு அருமை என்று கருவியை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். நான் மட்டும் நின்றேன். சாட்சி நிற்கும் பலகையில் தண்ணீர் பரவியது. நாற்காலி காலி. அதில் உட்கார நான் யார்? வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் முற்றமெல்லாம் உறைந்து கிடந்தது. வாசல் பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவு மட்டும் ஈரம். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. துடைத்தேன். மறுபடி ஈரம். என் மனைவி போர்கில்ட் செத்த பிறகு அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்ததில்லை.

தினமும் துடைத்தேன். தினமும் ஈரம். கடைசியில் கதவைத் திறந்துவைத்துச் சொன்னேன்:

"நான் ஜட்ஜ் இல்ல. கூப்பிட்டவன் நான்தான். வந்து சொல்லு."

யாரும் வரவில்லை. தாழ்போடாமல் படுத்தேன்.

காலையில் சமையலறை மேசையில், என் இடத்துக்கு எதிர் நாற்காலி ஈரமாக இருந்தது.