முதுகுப் பக்கக் கொக்கி

கொக்கியை முன்பக்கம் வைக்கச் சொன்னதுதான் தையல்காரிக்கு முதலில் உறுத்தியது. பொம்மை உடைகளுக்குத் திறப்பு எப்போதும் முதுகில்தான். உடுத்திவிடுவது இன்னொருவர் கை அல்லவா?

"முன்னாடி வெச்சா லேஸ் வேலையெல்லாம் பாழாயிடுமேம்மா," என்றாள் தொலைபேசியில்.

"பரவால்லக்கா. பின்னாடி வெச்சா யாராவது போட்டுவிடணும்ல," என்றாள் பொம்மைக்குச் சொந்தக்காரி.

"பின்ன, அதுவேவா போட்டுக்கும்?"

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"நான் இப்பல்லாம் அது கிட்டயே போறதில்லக்கா."

கிறுக்கு என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். அளவுக்காக அனுப்பியிருந்த பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம், இடுப்புவரை கருங்கூந்தல், எங்கும் மடங்காத கெட்டிப் பிளாஸ்டிக் கைகள். கூடவே வளர்ந்த தங்கை கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்டு யாரும் நின்றதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் பொம்மையோடு இரண்டு வார்த்தை பேசினாள்.

சாட்டின் கவுனைத் தைத்து, சரிபார்க்க மாட்டி, அப்படியே விட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் கவுனைக் கழற்றும்போது கை நின்றது. கவுனின் இரண்டு நீளக் கைகளிலும், முழங்கையின் உட்புறத்தில், விசிறிபோல மெல்லிய சுருக்கங்கள். நாளெல்லாம் கையை மடக்கி நீட்டினால் மட்டுமே துணியில் விழும் சுருக்கங்கள். பொம்மையின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். மரக்கட்டை மாதிரி இருந்தது.

உடனே அனுப்பிவிட வேண்டும். பெட்டியை எடுக்கும்போது தங்கை அழைத்தாள்.

"இந்த வாரமும் வர முடியாது போலக்கா. கோச்சுக்காத."

"நான் எதுக்கு கோச்சுக்கறேன்? நீ மகாராணி, நேரம் கிடைக்கும்போது வா."

"உனக்குதான் பொம்மைங்க இருக்கே. எனக்கு ஒரு பட்டன் தெச்சுத் தரச் சொன்னா மூக்கால அழுவ."

இருவரும் சிரித்தார்கள். தொடர்பு அறுந்த பின் வீடு முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழுந்தது. வெகுநேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்தாள். கவுனை எடுத்து, முன்பக்கக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திறப்பை மூடித் தைத்தாள். முதுகைக் கத்தரித்து, கொக்கிகளை அங்கே வைத்தாள்.

"போட்டுவிட ஆள் வேணும்னா நான் இருக்கேன்ல," என்றாள் வாய்விட்டு.

கவுனைப் பொம்மையின் காலடியில் வைத்துவிட்டு, வெந்நீர் போட எழுந்தாள். அதற்குள் இருட்டி, மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஈர மண் வாசனையும் குளிரும் சேர்ந்து உள்ளே வந்து, திரைச்சீலையை நகர்த்தி, கூடத்து விளக்கின் நிழலைச் சுவரில் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தன. பாத்திரத்தில் தண்ணீர் முணுமுணுத்தது. அதற்கடியில் இன்னொரு ஓசை. சாட்டின் உரசும் ஓசை.

அடுப்பை அணைத்தாள்.

உரசல். நிறுத்தம். மீண்டும் உரசல். யாரோ கவுனின் கைக்குள் கை நுழைக்கிறார்கள்.

திரும்பி ஓட வாசல் இருந்தது. செருப்புகூட அங்கேதான் கிடந்தது. கால்கள் கூடத்துக்கே போயின.

மேசைமேல் அது கவுனை அணிந்திருந்தது. அவளுக்கு முதுகு காட்டி நின்றது. கொக்கிகள் மாட்டப்படாமல் முதுகு நெடுகத் திறந்து கிடந்தது. கழுத்தில் விழுந்த கூந்தலை இரண்டு கைகளாலும் அள்ளி, முழங்கைகள் மடங்க, தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தது.

ஜன்னல் காற்று அடித்தது. அந்தச் சின்ன முதுகில், கடுகைவிடச் சிறு புள்ளிகளாக, மயிர்க்கூச்செறிந்தது.

தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தது.