ஏழாவது வரி

ஏட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் மூன்று பூட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்த ஞானஸ்நான, இறப்புப் பதிவேடு அது. இங்கிலாந்தில், டெவன் பக்கத்து அந்தச் சின்னத் தேவாலயத்தில், பாதிரியார் அங்கி மாற்றும் அறையில், மெழுகும் எலிப் புழுக்கையும் மணக்கும் குளிரில், மாரியன் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர்தான்.

"கூரை ஒழுகுதா?"

"இந்த வாரம் மழையே இல்லியே கண்ணு," என்றார் சாவி வைத்திருந்த யோ என்ற கிழவர். "செத்தவங்களப் பாக்க ஓடி வர்றீங்க. பேத்திய யார் பாக்குறா?" சிரித்துக்கொண்டே தேநீர் போடப் போனார்.

பேத்திக்காகத்தானே வந்தாள்! பிறந்து பத்து நாள். வம்சப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று மகள் ஹாலியை நச்சரித்தவள் மாரியன். இணையப் பட்டியலில் ஒரு ஞானஸ்நானம் கிடைத்திருந்தது: திர்சா, 1791. இவள்தான் நம் ஐந்தாம் தலைமுறைப் பாட்டி என்று துள்ளினாள். இறப்புப் பதிவைப் பார்க்காமல் யாரையும் முன்னோராகச் சேர்க்காதே என்பது வம்சாவளி தேடும் வேலையின் பாலபாடம். பெயரின் அழகில் அதை மறந்தாள். இன்று காலையில் ஹாலி போய் அந்தப் பெயரையே பதிந்துவிட்டாள்.

வம்ச மரத்தை நிறைவு செய்து, சட்டம் போட்டுத் தொட்டிலுக்கு மேல் மாட்ட இந்த ஒரு இறப்புத் தேதிதான் பாக்கி.

கண்டுபிடித்தாள். திர்சா, 1791. பெயரிட்ட அன்றே சாவு.

அப்படியானால் இவள் யாருக்கும் பாட்டியில்லை.

முன் பக்கங்களைப் புரட்டினாள். அதே தாய், அதே தகப்பன். 1789, திர்சா. 1787, திர்சா. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம், அதில் அதிசயமில்லை. ஆனால் ஆறு திர்சா. முதலாமவள் நான்கு வயதில் கிணற்றில் விழுந்தவள். மற்ற ஐந்தும் தொட்டிலில், பெயரிட்ட அன்றே. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஈரமாய்ப் பதிந்த ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை.

ஆறாவதன் கீழே பாதிரியாரின் நடுங்கும் எழுத்து: 'தொட்டில் நனைந்திருந்தது. முதல் திர்சா தன் பெயரை எவளுக்கும் விட்டுத்தர மாட்டாள். அடுத்த மகளுக்கு ஆன் என்று பெயரிட்டேன், அவள் பிழைத்தாள். இந்த வம்சத்தில் இனி யாரும் அப்பெயரை வைக்க வேண்டாம்.'

ஆன். அவள்தான் உண்மையான பாட்டி. ஐயோ, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே!

போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"ஹாலி, பேர மாத்து. இப்பவே மாத்து!"

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? நாலு நாளா என் உயிர எடுத்து நீதானே வெக்கச் சொன்ன?"

"குழந்தை எங்க?"

"தொட்டில்ல. சமத்தாத் தூங்குறா. இப்பதான் காதுல பேரச் சொல்லி, முத்தம் குடுத்துட்டு..."



"என்ன?"

"மெத்தை நனைஞ்சிருக்கு. மூத்திரம் இல்லம்மா. சில்லுனு இருக்கு."

"தூக்கு! தூக்குடி அவள!"

"தலையெல்லாம் தண்ணி. வாயிலயும்... அம்மா, கண்ணத் திறக்க மாட்டேங்குறா. அம்மா!"

அலறல். பிறகு போன் தரையில் விழுந்த சத்தம். பிறகு எதுவுமில்லை.

இல்லை. சொட்டு. சொட்டு. போனுக்குள்ளா, அறைக்குள்ளா?

பின்னால் கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. முழங்கை உயரத்தில், பாசி மணக்கும் மூச்சு.

மாரியன் திரும்பவில்லை. அவள் கண்ணெதிரே, ஆறாவது வரிக்கும் பாதிரியாரின் குறிப்புக்கும் கீழே இருந்த வெற்றுக் காகிதத்தில், ஈரச் சுவடு ஒன்று மெல்ல ஊறிப் பரவியது. சின்னக் கட்டைவிரல். அழுத்திப் பதித்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. அதைவிடச் சின்னது. பத்து நாள் குழந்தையின் விரல்.