கடலடியில் தலையில்லாமல் நின்றவள்

எர்சீலியா காவல் நிலையத்தின் படியேறும்போது தரை ஒருமுறை நடுங்கி அடங்கியது. அந்த ஆண்டு, நேப்பிள்ஸை அடுத்த கடற்கரை ஊரான பொஸ்ஸுவோலியில் யாரும் அதற்காக நின்று பார்ப்பதில்லை. பூமிக்கடியில் ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதுபோல் ஊரே மெல்ல மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் தண்ணீர் வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. சுவர்களுக்கு மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்தன. ஒவ்வொரு தெருவாகக் காலி செய்யச் சொல்லி ஆணை வந்துகொண்டிருந்தது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் கந்தக நெடி.

ஆகஸ்ட் வெயிலில் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்தியிருந்தாள். அவளுடைய அண்ணன் ப்ரோக்கொலோவை ஞாயிற்றுக்கிழமைதான் அடக்கம் செய்திருந்தார்கள். இன்று செவ்வாய்.

“உள்ள வாங்க டீச்சர். இந்த அறைதான் கொஞ்சம் குளுமை” என்றார் நிலையத்தின் துணை அதிகாரி, பிரிகடியர் லுப்ரானோ. பருத்த மனிதர். எர்சீலியாவிடம்தான் அவருடைய இரண்டு பெண்களும் படித்தார்கள். சான்றுப்பொருள் வைக்கும் அறையில் மேசைமேல் கத்தரிக்காய் அடை வைத்த ரொட்டியைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன.

ரொட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தலை இருந்தது.

வெள்ளைப் பளிங்கில் ஒரு ரோமானியப் பெண்ணின் தலை, ஆளளவு. முகமெங்கும் விரல் நுழையும் அளவில் துளைகள். கடலுக்குள் கிடக்கும் பளிங்கைக் குடைந்து அதிலேயே குடியிருக்கும் சிப்பியின் வேலை அது. கடல் பேரீச்சை என்று அந்தக் கரையில் சொல்வார்கள். இடது கன்னத்திலிருந்து கழுத்துக்கு ஒரு சாம்பல்நிற நரம்பு கல்லுக்குள்ளேயே சாய்வாக இறங்கியது. கழுத்தின் அடிப்பக்கம் ரம்பத்தால் அறுத்ததுபோல் மட்டமாக இருந்தது. பின்னலைச் சுருட்டிக் கட்டிய பின்கொண்டை சுவரைப் பார்த்திருந்தது.

சனிக்கிழமை காலை, கடலுக்கு இறங்கும் பழைய ரோமானியப் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தான் ப்ரோக்கொலோ. பக்கத்தில் வலைப்பையில் இந்தத் தலை, கடற்பாசி தொங்க, ஈரம் காயாமல். வெள்ளிக்கிழமை பிற்பகல் நில நடுக்கம் ஒன்று வந்திருந்தது. கதை தானாகவே எழுதிக்கொண்டது: இடிபாடுகளுக்குக் காவலாக அருங்காட்சியகம் வைத்த ஆளே கடலுக்குள் இறங்கிச் சிலையைத் திருடினான், ஏறி வரும்போது தரை ஆடியது, விழுந்தான்.

“ஊர் என்ன சொல்லுதுன்னு தெரியுமா?” என்றாள் எர்சீலியா. “அவனுக்குப் பேர் கொடுத்த புனிதர் ப்ரோக்கொலோவே படியில உருட்டிவிட்டுட்டாராம். அருங்காட்சியகத்துல இருந்து அவன் காவல்காரத் தொப்பியைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்துச்சு. நாளைக்கு நீங்க நேப்பிள்ஸுக்கு அறிக்கை அனுப்பிட்டா, என் அண்ணன் கல்லறையிலயும் திருடன்தான்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் நிலையத் தலைவர் மரேஷல்லோ பெத்ரில்லோ. மலைநாட்டுக்காரர். ஒல்லி. கடலையும் மீனையும் ஒருபோதும் நம்பாதவர்.

“கடைசியா உங்ககிட்ட என்ன பேசினார்?” என்று கேட்டார்.

“வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுல. ‘கடல்ல ஒரு அம்மாவைப் பார்த்தேன் எர்சீ. தலையில்லாம நிக்குறா. தரை உயர்ந்ததுல மண்ணு விலகிக் கழுத்து தெரியுது. அந்தக் கழுத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு’ன்னான். என்னடா புரிஞ்சுதுன்னு கேட்டேன். நாளைக்குச் சொல்றேன்னான்.”

லுப்ரானோ இருமினார். “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உடம்பைப் பார்த்தவன் மறுநாள் தலையைத் தேடிப் போயிருக்கான். நீங்க சொல்றது அவனுக்கு எதிராத்தான் போகுது.” பேசிக்கொண்டே ரொட்டியின் மேல் சுற்றிய ஒரு குளவியைத் தாளால் வீசி விரட்டினார். “சனியன். ஜன்னலைச் சாத்தியே வச்சிருக்கேன், எங்கிருந்துதான் வருதோ. நேத்தும் ஒண்ணு.”

பெத்ரில்லோ அந்தக் குளவி போய் உட்கார்ந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அறிக்கை நாளைக்குப் போகாது லுப்ரானோ. எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும்” என்றார்.

அன்று மாலை எர்சீலியாவையும் அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். சேற்றில் சாய்ந்த படகில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான் முக்குளிப்பவன் சிச்சில்லோ. தடைசெய்த இடத்தில் மூழ்கினான் என்று போன வருடம்தான் ப்ரோக்கொலோ அவனைப் பிடித்துக்கொடுத்திருந்தான்.

“வந்துட்டீங்களா மரேஷா. செத்தவனுக்கும் எனக்கும் ஆகாதுன்னு சொல்லியிருப்பாங்களே. ஆகாதுதான். ஆனா அவன் திருடன்னா நான் போப்பாண்டவர்.”

“எனக்கு ஒரு கல் வேணும்” என்றார் பெத்ரில்லோ. “சிப்பி குடைஞ்ச கல். இன்னிக்கே கடல்ல இருந்து எடுத்தது.”

சிச்சில்லோ அவரை ஏற இறங்கப் பார்த்தான். “மலையில இதைச் சாப்பிடுற பழக்கம் உண்டா?”

“இல்ல. அப்படியே கொண்டா. உடைக்காதே.”

மறுநாள் கோட்டைமேட்டு அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அதன் பொறுப்பாளர் கிளொதில்தே ரவேன்னா, தயக்கத்தோடு எர்சீலியாவின் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். பின்கட்டில் பெரிய தொட்டிகளில் சிலைத்துண்டுகள் நல்ல தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

“கடல்ல இருந்து வர்ற கல்லை மாசக்கணக்கா ஊறப்போட்டு உப்பை எடுக்கணும். ஒவ்வொரு துளையையும் தூரிகை விட்டுக் கழுவுவோம். அப்புறம் உள்ளறையில பூட்டிடுவோம். எங்ககிட்ட எதுவும் குறையல மரேஷல்லோ. நீங்களே பாருங்க.”

அவர் பார்த்தார். எதுவும் குறையவில்லை.

எர்சீலியா வீடு திரும்பியபோது வாசலில் மூடிய கூடை ஒன்று காத்திருந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. தெரிந்தவர்கள் சமைத்து அனுப்புவார்கள். இது வக்கீல் பல்தஸ்ஸாரே மொர்மீலே வீட்டிலிருந்து வந்தது. ரோமானியப் படிக்கட்டுக்கு மேலே அவருடைய தோட்டம். உடலை முதலில் கண்டு சொன்னவரும் அவர்தான். கோழிச்சாறுக்கு மேல் இலையோடு பறித்த எலுமிச்சம்பழங்கள், ஒரு சீட்டு: ‘உன் அண்ணன் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வந்து கத்தரித்துவிட்ட மரத்துப் பழங்கள். பாவம் அவன்.’

அவளால் அந்தப் பழங்களைத் தொட முடியவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த இரவு மூன்று முறை நிலம் நடுங்கியது. ஒவ்வொரு முறையும் கூடையில் பழங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பெத்ரில்லோ எல்லோரையும் வரச்சொன்னார். எர்சீலியா போனபோது அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார் லுப்ரானோ.

“உள்ள உட்கார முடியல டீச்சர்” என்றார். “மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க.”

உள்ளே அழுகல் நாற்றம் அடைத்து நின்றது. ஜன்னல்கள் மூடியே இருந்தன. கிளொதில்தே கைக்குட்டையை முகத்தில் அழுத்தியிருந்தாள். சிச்சில்லோ மட்டும் சாதாரணமாகச் சுவரில் சாய்ந்து நின்றான். வக்கீல் மொர்மீலே வெள்ளை உடையில், மடியில் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எர்சீலியாவைக் கண்டதும் எழுந்து குனிந்து வணங்கினார். பெத்ரில்லோ வாசலுக்குப் போய் லுப்ரானோவின் காதில் ஏதோ சொல்லி அவரை எங்கோ அனுப்பினார்.

“இது என்ன நாத்தம் மரேஷல்லோ?” என்றார் வக்கீல். “அந்தத் தலையா?”

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க.” பெத்ரில்லோ மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். அடியில் துளைகள் நிறைந்த ஒரு பாறைத்துண்டு. “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிச்சில்லோ கடல்ல இருந்து எடுத்துக்கொடுத்தது. ஒவ்வொரு துளைக்குள்ளயும் ஒரு சிப்பி. கரைக்கு வந்தா செத்துப்போகும், செத்தா நாறும். சிச்சில்லோ, எத்தனை நாள் தாங்கும்?”

“இந்த வெயில்லயா? மறுநாளே நாய் ஓடும்.”

“ப்ரோக்கொலோ போன வெள்ளிக்கிழமை இந்தத் தலையைக் கடல்ல இருந்து எடுத்தான்னு சொல்றாங்க. சனிக்கிழமை இங்க கொண்டுவந்து வச்சோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து என் பிரிகடியர் கத்தரிக்காய் அடை சாப்பிட்டார். ஜன்னலைச் சாத்திக்கிட்டு.”

எர்சீலியாவுக்கு நினைவு வந்தது. அன்று அந்த அறையில் கத்தரிக்காய் மணமும் எண்ணெய் மணமும் மட்டும்தான் இருந்தன. அவள் அங்கேதான் நின்றாள்.

“இந்தத் தலை கடலை விட்டு வந்து ரொம்ப வருஷம் ஆகுது” என்றார் பெத்ரில்லோ. “யாரோ மேல கடல் தண்ணியை ஊத்திப் பாசியைப் போர்த்தி அவன் பக்கத்துல வச்சிருக்காங்க. இந்தத் தப்பைச் சிச்சில்லோ பண்ணமாட்டான். நாத்தம் வேணும்னு அவனுக்குத் தெரியும். செத்த மீனையாவது துளையில திணிச்சிருப்பான்.”

“ரொம்ப நன்றி” என்றான் சிச்சில்லோ.

கிளொதில்தே கைக்குட்டையை இறக்கினாள். “அப்போ என் உள்ளறையில இருந்து எடுத்ததுன்னு சொல்றீங்களா?”

“இல்லம்மா. உங்க கல்லுங்க கழுவிப் பூட்டின கல்லுங்க. இது திறந்த வெளியில நின்ன கல்லு. இதுல ஒரு குளவி கூடு கட்டியிருக்கு. மண்ணைப் பூசித் துளையை அடைச்சு உள்ள குஞ்சு வச்சிருக்கு. அதுலயிருந்துதான் ஒண்ணொண்ணா வெளிய வந்து லுப்ரானோ ரொட்டியைச் சுத்துச்சு.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கிளொதில்தே குனிந்து கண்குழியில் தேடினாள். சிச்சில்லோ மூக்கோரம் பார்த்தான். எர்சீலியா வாயோரத்தில் தேடினாள். முகம் முழுக்க எத்தனையோ துளைகள். எதிலும் மண் இல்லை.

பெத்ரில்லோ கல்லைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலின் கண் முகத்தின் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்திருந்த பின்கொண்டைக்கு நேராகப் போய் அங்கேயே நின்றது.

“ஆமாம் வக்கீலய்யா” என்றார் பெத்ரில்லோ மெதுவாக. “அங்கதான் இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தரை லேசாக அதிர்ந்தது. மேசையில் தலை நடுங்கி, கல்லும் மரமும் உரசும் ஒலி கேட்டது.

“என் தோட்டத்துல இருந்ததுதான்” என்றார் வக்கீல் கடைசியில். குரல் நிதானமாகவே இருந்தது. “தாத்தா காலத்துச் சொத்து. அப்படின்னா அவன் என்கிட்டத்தான் திருடியிருக்கான். அதுவும் திருட்டுதானே?”

“சனிக்கிழமை நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க? ‘பாவிப்பய கடல்ல இருந்து எதையோ எடுத்துட்டு வந்திருக்கான்’னு. தினமும் உங்க தோட்டத்துல பார்த்த தலை. பாசி போர்த்தினா அடையாளம் தெரியாமப் போயிடுமா?”

வக்கீல் தொப்பியை மடியில் திருப்பி வைத்தார்.

“தாத்தா சொத்தும் இல்ல” என்றார் பெத்ரில்லோ. “கடலடி மண்ணுக்கு மேல தலை மட்டும் தெரிஞ்சப்போ ஆள் வச்சு அறுத்து எடுத்தீங்க. உடம்பை மண்ணு மூடிடுச்சு. மூடியே கிடக்கும்னு நினைச்சீங்க. பூமி இப்படி எழும்பும்னு யாருக்குத் தெரியும்? நேத்து சிச்சில்லோ இறங்கிப் பார்த்தான். அறுத்த கழுத்துல சாம்பல் நரம்பு ஒண்ணு, இடது பக்கம் சாய்வா. மேல பாதி இங்க, கீழ பாதி அங்க. வருஷாவருஷம் உங்க எலுமிச்சை மரத்தைக் கத்தரிக்க வந்த ஆளுக்கு அதைப் பார்த்ததும் புரியாதா?”

கதவு திறந்தது. லுப்ரானோ வியர்த்து நின்றார்.

“நீங்க சொன்ன மாதிரியே மரேஷா. தோட்டத்துத் தூணுமேல புதுசா எலுமிச்சைத் தொட்டி ஒண்ணு வச்சிருக்கு. தூக்கிப் பார்த்தேன். தூணெல்லாம் பாசி, நடுவுல மட்டும் வெள்ளையா ஒரு வட்டம். இந்தக் கழுத்து உட்கார்ந்த தடம்.”

எர்சீலியா வக்கீலின் முன்னால் போய் நின்றாள். கத்துவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். “என்ன சொன்னான் அவன் உங்ககிட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

மொர்மீலே நிமிர்ந்தார். “மிரட்டல. எதுவும் கேட்கவும் இல்ல. ‘ஐயா, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க, உங்க பேர் கெடாது, நான் கூட வர்றேன்’னான். எனக்காக வருத்தப்பட்டான். என் தோட்டக்காரன் எனக்காக வருத்தப்பட்டான்.” உதட்டைத் துடைத்துக்கொண்டார். “முன்னால நடந்து படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டான். தரை ஆடிச்சு. கதவைப் பிடிச்சுக்கிட்டு, நான் விழுந்துடப்போறேன்னு திரும்பிக் கையை நீட்டினான்.”

தொப்பியை மேசையில் வைத்தார். “அந்தக் கையைப் பிடிச்சு நான் தள்ளிவிட்டேன்.”

செப்டம்பரில் எர்சீலியாவின் தெருவுக்கும் காலி செய்யும் ஆணை வந்தது. மூட்டை கட்டும் முன் கோட்டைமேட்டுக்கு ஏறிப் போனாள். கிளொதில்தே அவள் முகத்தைப் பார்க்கத் தயங்கி, ப்ரோக்கொலோவின் தொப்பியை இரண்டு கையாலும் நீட்டினாள். எர்சீலியா வாங்கிக்கொண்டாள்.

பின்கட்டில், கடலிலிருந்து தூக்கி வந்த உடல் பெரிய தொட்டியில் கிடந்தது. பக்கத்து மேசையில் தலை. தூரிகையும் வாளித் தண்ணீரும் தயாராக இருந்தன.

“இன்னிக்குத்தான் கழுவப்போறோம்” என்றாள் கிளொதில்தே. “கழுவிட்டுக் கழுத்துல சேர்த்துடுவோம்.”

எர்சீலியா தலையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கொண்டையின் சுருளுக்குள் மண்ணடைப்பு உலர்ந்து கெட்டியாக இருந்தது. குளவிக்கூட்டில் இன்னும் ஒரு அறை திறக்கவில்லை, உள்ளே ஒரு குஞ்சு இருந்தது. கீழே தெருவில் லாரிகளில் கட்டில்களையும் மெத்தைகளையும் ஏற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“முகத்தைக் கழுவுங்க” என்றாள். “இதை மட்டும் விட்டுடுங்க. இந்த ஊர்ல ஒரு வீடாவது காலி பண்ணாம இருக்கட்டும்.”