அலசலில் விழாதது

ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரியின் கன்னத்தில் வழித்தெடுத்த செல்களில் ஒரு கிருமிகூட ஒட்டவில்லை. நுண்ணோக்கியை எப்படித் திருகிப் பார்த்தாலும் துடைத்து வைத்த மாதிரி வெறும் செல்கள்தான். அடுத்த கண்ணாடித் தகட்டில் இருந்த தன் செல்களிலோ ஊசி குத்த இடமில்லாமல் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன.

"அக்கா, இதுங்க உங்களுக்கே வாக்கப்பட்டுடுச்சு போல!" என்று சிரித்தாள் பக்கத்து மேசைக்காரி.

சிரிக்கிற விஷயமா அது? கிருமியின் மேலெல்லாம் மயிரிழையைவிட மெல்லிய புரத இழைகள். அவற்றின் நுனி செல்லைக் கவ்வினால்தான் கிருமி குடியேறும், குடியேறினால்தான் நோய். எது கெட்டியாகக் கவ்வுகிறது என்று பார்ப்பதே அவள் வேலை: செல்லோடு கலந்து, உப்புநீரில் அலசி, அலசலிலும் விழாததை மட்டும் வளர்த்து, மறுபடி அலசுவது. ஆளாளுக்குக் கன்னத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சுவானேன் என்று ஒவ்வொரு தடவையும் தன் கன்னத்தையே வழித்துப் போட்டாளே, அதுதான் மடத்தனம். தன்னைப் பிடிக்கவே அவற்றைப் பழக்கியிருந்தாள்.

தன்னை மட்டுமா? தொண்டை கரகரக்குது என்று மகள் காலையில் சிணுங்கியது நினைவுக்கு வந்தது. தன் ரத்தம்தானே அவளும்! பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஈரத்துணி ஊறிப்போன மாதிரி ஒரு வாடை. பட்டப்பகலிலும் கூடம் மங்கிக் கிடக்க, உள்ளறையிலிருந்து மகளின் மூச்சு எதையோ உரசி உரசி வந்துகொண்டிருந்தது. நெற்றி கொதித்தது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"பதறாதே. வண்டிய எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அதுவரைக்கும் உப்புத்தண்ணி கொப்பளிக்கச் சொல்லு."

குளியலறைத் தொட்டியருகே மகளை நிறுத்தினாள். கொப்பளித்துத் துப்பினாள் மகள். வெள்ளையாகக் கொஞ்சம் விழுந்தது. அப்பாடா!

"இன்னொரு வாய், செல்லம். இன்னும் ஒண்ணு."

விழுவது குறைந்தது. பிறகு வெறும் தண்ணீர்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அலசிக்கொண்டிருக்கிறாள். கெட்டியானதை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஐயோ, மகளின் தொண்டையிலேயே!

"வாயத் திற."

டார்ச் அடித்தாள். உள்ளே வெள்ளைப் படலம். மகள் மூச்சு விட்டபோது அது அசையவில்லை. அவள் குனிந்தபோது அசைந்தது. அவள் பக்கமாக.

மகள் பயந்துபோய்ப் பாய்ந்து கட்டிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம். சூடு. ஈரம்.

"ஒண்ணும் ஆகாதுடா. அப்பா வந்துடுவாரு."

மகள் கைகளை எடுத்துவிட்டாள். முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, விடும்மா. வலிக்குது."

தாயின் இரண்டு கைகளும் தொட்டியின் விளிம்பில் இருந்தன.

"நான் பிடிக்கலையே, கண்ணு."

மகள் தலையை வெடுக்கென்று இழுத்தாள். தாயின் கன்னமும் சேர்ந்து போனது.