ஐந்து மணிக்குக் கிளம்பியவள்

சுங்கச்சாவடியில் இருந்த பெண் சீட்டை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மாஸ்டரம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்ன மேடம், எதையாவது மறந்துட்டீங்களா?"

"நானா? ஏம்மா?"

"காலையிலேயே இந்தப் பக்கமா போனீங்களே. அஞ்சே முக்கால் இருக்கும். திரும்பி வந்ததை நான் கவனிக்கல." அந்தப் பெண் சற்றுக் குனிந்து வண்டிக்குள் பார்த்தாள். "அப்ப நீலத்துல இருந்தீங்க. உடுப்பு மாத்திட்டீங்க போல."

"வேற யாரையாவது பாத்திருப்பீங்க."

"இருக்கும்" என்றாள் அவள், நம்பாத குரலில். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். தடுப்புக் கம்பி மேலே எழுந்தது.

பாலத்தைக் கடக்கும்போது கழிமுகத்தின் உப்பு வாசனை ஜன்னல் வழியாக வந்து போனது. மணி ஏழு பத்து. மாஸ்டரம்மா கியரை மாற்றிவிட்டுத் தன் உடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பழுப்பு நிறம். நேற்று ராத்திரி அவள் தேய்த்து மாட்டி வைத்தது நீலத்தைத்தான். விடியற்காலையில் டயரோடு மல்லுக்கட்டியதில் அது முழுக்கக் கறையாகி, இப்போது குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் பதினோரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவளை மாஸ்டரம்மா என்றே கூப்பிட, பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் தங்கிவிட்டது. எதையும் முன்கூட்டியே எழுதி வைத்துச் செய்கிற பழக்கம் அவளுக்கு. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த நகரத்தில், தங்கை வீட்டுக்குப் பத்து நாள் விடுமுறைக்குப் போயிருந்த மகள் சிட்டுவை இன்று அழைத்து வர வேண்டும். நாளை பள்ளி திறக்கிறது. ஆகவே போய்விட்டு இன்றைக்கே திரும்பியாக வேண்டும். நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். ஐந்து மணி, கிளம்புதல். ஐந்தே முக்கால், பாலம். ஏழரை, காபி. பத்தரை, தங்கை வீடு. பதினொன்றரை, திரும்புதல். மாலை ஐந்து, வீடு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தார். "விமானம்கூட இவ்வளவு நேரம் பாத்துக் கிளம்பாது. வண்டிய வீட்டுலயே விட்டுட்டு இந்தத் தாளை மட்டும் அனுப்பு. அதுவே போயிட்டு வந்துடும்."

அவளும் சிரித்தாள். தாளைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டினாள். அதைப் போனில் தங்கைக்கும் படித்துக் காட்டினாள். கணவர் இரவு வேலைக்குப் போனார்.

காலை நாலே முக்காலுக்கு, முன்பக்கம் நசுங்கிய தன் சாம்பல் நிறக் காரருகே போனபோது பின்பக்க டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. பஞ்சர் ஒட்டுகிறவர் ஆறு மணிக்குத்தான் வந்தார். டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குமிழி கூட வரவில்லை.

"ஓட்டையே இல்லம்மா. யாரோ வேணும்னே காத்தைத் திறந்து விட்டிருக்காங்க."

அவள் கிளம்பும்போது மணி ஆறரை. திட்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்தங்கிவிட்டாள்.

கடற்கரையின் ஈரம் மெல்ல மெல்ல விலகி, சாலையோர மண் சிவந்து, காற்றில் காய்ந்த புல்லின் வாசனை ஏறிக்கொண்டே வந்தது. வெயில் பின்பக்கக் கண்ணாடியில் பட்டுப் பட்டு அவள் பிடரியைச் சுட்டது. சுங்கச்சாவடிப் பெண் ஒரு நாளைக்கு ஆயிரம் முகம் பார்ப்பவள், குழப்பிக்கொண்டிருப்பாள் என்று மாஸ்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல ஒரு கேள்வி மட்டும் செருப்புக்குள் புகுந்த சிறுகல் போல உறுத்தியது. நீலம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

காபி கடைக்கு வந்தபோது மணி ஒன்பது. வழக்கமாக அவள் நிறுத்துகிற இடம்தான். தகரக் கூரைக்குக் கீழே நாலு மேசை. பால் பொங்கிக் கருகிய வாசனை. கடைக்காரம்மா ஈரத்துணியோடு திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"திரும்பி வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. உங்க காபியை இன்னும் கொட்டல."

மூலை மேசையில் ஒரு கப் இருந்தது. விளிம்பு வரை நிறைந்து, மேலே தடித்த ஆடை படிந்து, அதன் மேல் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது.

"இது என்னுது இல்ல."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஏழரைக்கு வந்து உக்காந்தீங்க. வாங்கி வெச்சுட்டு ஒரு வாய்கூடக் குடிக்கல. அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன், பதிலே இல்ல." கடைக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

மாஸ்டரம்மா அந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். அங்கே ஒரு வாசனை இருந்தது. பாலும் கரியும் ஈரத்துணியும் கலந்த அந்தக் கடையில் இருக்கவே கூடாத வாசனை. அவள் வீட்டுச் சோப்பு. அவள் தலைமுடி. ஒரு நாள் முழுக்கப் போட்டிருந்த உடுப்பைக் கழற்றும்போது தன்னிடமிருந்தே வருகிற அந்த வாசனை.

அவள் காபி குடிக்கவில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. சிட்டு கார்ட்டூன் பார்த்தே சார்ஜைத் தீர்த்திருப்பாள். கணவரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் அவரை இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது. மறுபடி தங்கை. மறுபடி கணவர். மறுபடி தங்கை. கிலோமீட்டர் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

பத்து இருபத்தெட்டுக்குத் தங்கையின் போன் உயிர் பெற்றது.

"சொல்லுக்கா! இப்பதான் சார்ஜ் போட்டேன். எங்க வந்துட்டே?"

"கேளு. நான் இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கேன். டயர் பிரச்சினை. வர்றதுக்குப் பன்னெண்டு ஆகும். அதுக்குள்ள யாராவது வந்தா..."

போனுக்குள் அழைப்பு மணி ஒலித்தது. இரண்டு முறை, சின்ன இடைவெளி விட்டு ஒரு முறை. அவள் எப்போதும் அப்படித்தான் அடிப்பாள்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி! வாசல்ல நின்னுக்கிட்டே கதை விடுறியா?"

"திறக்காதே."

"சிட்டு! உங்கம்மா வந்தாச்சு!"

"திறக்காதடி! நான் இல்ல அது! ஏய்!"

போன் எங்கோ மேசையில் வைக்கப்படுகிற சத்தம். கொலுசு சலசலக்க ஓடுகிற சின்னப் பாதங்கள். தாழ்ப்பாள். கதவு. தங்கையின் குரல், தூரத்தில்: "சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்கறியே! உன்னை வெச்சு ரயில் விடலாம்."

அதற்கு ஒரு குரல் பதில் சொன்னது. பதிவு செய்து கேட்டால் மட்டும் தன்னுடையது போலத் தோன்றாத, ஆனால் தன்னுடையதேயான குரல்.

"பத்தரைன்னா பத்தரை."

சிட்டுவின் ஓட்டம் நின்றிருந்தது. கொலுசுச் சத்தம் இல்லை. "வா" என்றது அந்தக் குரல். பிறகு நிதானமான காலடிகள். அவை போனை நோக்கி வந்தன. நெருங்கின. போன் எடுக்கப்பட்டது. காதருகே ஒரு மூச்சு.

"யாரு?" என்று அவளுடைய குரல் அவளிடம் கேட்டது.

மாஸ்டரம்மா போனைக் காதோடு அழுத்தினாள்.

"தப்பான நம்பர்" என்று அந்தக் குரல் உள்ளே இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. இணைப்பு அறுந்தது.

அவள் போலீஸ் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல், சொல்லுங்க என்றது. என்ன சொல்வது? நான் இன்னும் போய்ச் சேரவில்லை, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றா? தங்கை வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று பொய் சொல்லி, முகவரியைச் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

பிறகு ஓட்டினாள். பதினோரு வருடமாக எண்பதைத் தாண்டாதவள் நூற்றிருபதில் ஓட்டினாள். காற்று ஜன்னல் இடுக்கில் ஊளையிட்டது. லாரிகளின் டீசல் புகை, சூடேறிய தார், எஞ்சினிலிருந்து ரப்பர் கருகுகிற வாடை. தங்கையின் போன் அடித்தது, எடுப்பாரில்லை. அடித்தது. எடுப்பாரில்லை. பதினொன்று. பதினொன்றே கால். பதினொன்றரை ஆனபோது அவள் வாய்விட்டு அழுதாள். தாளில் அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் கைப்பட எழுதியது.

பதினொன்று முப்பத்து நாலுக்குத் தங்கையே கூப்பிட்டாள்.

"அக்கா, சிட்டு அழுகையை நிறுத்திட்டாளா?"

"சிட்டு எங்கடி?"

"எங்கன்னா? உன் பக்கத்துல. இப்பதானே கிளம்பினீங்க." தங்கையின் குரலில் வருத்தம் இருந்தது. "எனக்கு மனசே கேக்கல, அதான் கூப்பிட்டேன். உன்னைப் பாக்கணும்னு நேத்தெல்லாம் குதிச்சவ, இன்னைக்குக் கதவைத் திறந்ததும் பாதி வழியில நின்னுட்டா. என் கையை விடவே இல்ல. சித்தி நீயும் வா, சித்தி நீயும் வான்னு ஒரே அழுகை. நான்தான் அதட்டி, தூக்கி உள்ள உக்கார வெச்சேன். பாவமா இருக்குக்கா."

"நீயா உக்கார வெச்சே?"

"நீதான் சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தியே. என்னக்கா ஆச்சு உனக்கு? காபியைக்கூடத் தொடல."

"அது நான் இல்லடி."

மாஸ்டரம்மா போனை வாயருகே இழுத்தாள்.

"நான் இன்னும் உன் ஊருக்குள்ளயே வரல. அது நான் இல்ல."

"விளையாடாதேக்கா" என்றாள் தங்கை. பிறகு மிக மெதுவாக, "அக்கா, உன் கை ஏன் அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு?"

மாஸ்டரம்மா பிரேக்கை மிதித்தாள். தங்கைக்குப் பதில் சொல்ல அல்ல. முன்னால் சாலை அடைபட்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டு, மற்றப் பக்கத்தில் மட்டும் வண்டிகளை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கொடியோடு ஒருவர் நடுவில் நின்றார். அவளுக்கு முன்னால் எந்த வண்டியும் இல்லை. எதிர்த்திசை வண்டிகள் சரளைக் கல்லில் நெறுநெறுவென்று ஊர்ந்து வரத் தொடங்கின. நகரத்திலிருந்து வெளியே வருகிற வண்டிகள்.

ஒரு பால் வண்டி. ஒரு பேருந்து. இரண்டு லாரிகள்.

உச்சி வெயில். சாலையோரம் ஒரு மரமும் இல்லை. புழுதி எழுந்து எழுந்து அடங்கியது.

லாரிகளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார்.

அவள் போன் கையிலிருந்து நழுவியது. அதே வண்டி. முன்பக்கம் அதே நசுங்கல். அதே எண். அவள் இறங்கி ஓடினாள். "அம்மா, எங்க போறீங்க, வண்டி வருது!" என்று கொடிக்காரர் கத்தினார். சரளையில் கால் சறுக்கியது. முழங்கால் சிராய்த்தது. எழுந்தாள். ஓடினாள். கார் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. மூடிய கண்ணாடிகளில் வெயில் பளீரிட்டது. எதுவும் தெரியவில்லை.

பிறகு ஓரமாக நின்ற சரளை லாரியின் நிழல் கண்ணாடியில் விழுந்தது. தெரிந்தது.

முன்னிருக்கையில் சிட்டு. பெல்ட் கழுத்துவரை ஏறியிருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர் காய்ந்த கோடு. கைகள் மடியில் ஒட்டிக்கிடந்தன.

மாஸ்டரம்மா கண்ணாடியில் அறைந்தாள். கதவை இழுத்தாள். திறக்கவில்லை. கூடவே ஓடினாள். "சிட்டு! சிட்டும்மா! அம்மா இங்க இருக்கேன்!"

குழந்தை தலையைத் திருப்பினாள்.

பார்த்தாள். அடையாளம் கண்டாள். அந்த ஏழு வயது முகத்தில் அது வந்ததை மாஸ்டரம்மா பார்த்தாள்: இதுதான் அம்மா. வெளியே ஓடி வருவதுதான் அம்மா.

ஆனால் சிட்டு கத்தவில்லை. கண்ணாடியைத் தட்டவில்லை. கழுத்தை அசைக்காமல், ஓரக்கண்ணால் மட்டும் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, மிக மெதுவாக, ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.

சத்தம் போடாதே.

மாஸ்டரம்மாவின் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

சிட்டுவின் தோளுக்கு அப்பால், ஸ்டீயரிங்குக்கு மேலே, நீல உடுப்பின் கழுத்துப்பட்டைக்கு மேலே, அதுவரை சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த தலை இந்தப் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.